வீட்டுச் சொல்

எங்கள் பள்ளிக்கூடத்தின் தமிழ் டீச்சர் ஜெயபிரியா எப்போதும் போனும் கையுமாகத்தான் இருப்பாள். நான் அறிவியல் டீச்சர். ஆசிரியர் அறையில் அவளுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. வயதில் மூத்தவள் என்பதால் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். "ஏளா, நீ பாடம் நடத்துதியா, படம் ஓட்டுதியா?" என்று கேட்காத நாள் இல்லை. "வடிவக்கா, உங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படும் பாருங்க" என்று சிரிப்பாள்.

தேவைப்படத்தான் செய்தது. அமிலம், காரம் நடத்துகிற நேரத்தில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோயிற்று. அவள் தன்னுடைய ஆசிரியர் குழுவில் ஒரு வரி கேட்டாள். என் டீ ஆறுவதற்குள், செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்துச் சாறு எடுப்பது எப்படி என்று பல ஊர்களிலிருந்து வீடியோ வந்துவிட்டது. அன்றைக்கு என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள். கொற்கையைத் தாண்டி, வயலுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் பள்ளிக்கூடத்தை யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அந்தக் குழுவில் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் அங்கே கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை.

ஒன்பதாம் வகுப்பில் வட்டார வழக்கு நடத்தும்போது ஜெயபிரியாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் மட்டும் புழங்குகிற ஒரு சொல்லைக் கொண்டு வர வேண்டும். அதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாயாலும் சொல்ல வேண்டும். எல்லாரும் பார்க்கிற மாதிரி அவள் இணையத்தில் போடுகிற வீடியோவில் எழுதுகிற கையும் குரலும் மட்டும்தான் வரும். முகமும் வராது, பெயரும் வராது. அதில் அவள் கண்டிப்பானவள்.

பிள்ளைகள் கொட்டித் தீர்த்தார்கள். ஒரு வீட்டில் டிவி ரிமோட்டுக்கு 'அமுக்கான்' என்று பெயர். இன்னொரு வீட்டில், வந்தால் கிளம்பாத விருந்தாளி 'பசை மாமா'. ஆசிரியர் அறையில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

முத்துச்செல்வியும் ஒரு சொல் கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் அம்மா சந்தனமாரி ஏரலில் ஒரு பலசரக்குக் கடையில் பொட்டலம் போடுகிற வேலை பார்த்தாள். சேர்க்க வந்த அன்றே, "என் பிள்ளைய யாரும் போட்டோ எடுக்கக் கூடாது" என்று எச்.எம். சாரிடம் கேட்டுக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரரிடமிருந்து தப்பி, ஊர் ஊராக இருந்துவிட்டு வந்தவள் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அதனால் ஜெயபிரியா முதலில் அவளைச் சேர்க்கவில்லை. பிள்ளை அழுதுவிட்டாள். எல்லாரும் சொல்லுதாங்க, நான் மட்டும் சொல்லக் கூடாதா என்று. போட்டோதானே கூடாது, கையும் குரலும் என்ன செய்யும் என்று ஜெயபிரியா அவளையும் எடுத்தாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

முத்து எழுதியது இது: 'பேச்சி கண்ண மூடிட்டா.' கரண்ட் போனால், கும்பிடுகிற பேச்சியம்மனை வைத்து அவர்கள் வீட்டில் அப்படிச் சொல்வார்களாம்.

அந்த வீடியோ பிய்த்துக்கொண்டு போயிற்று. தூத்துக்குடி, திருநெல்வேலிக்காரர்களுக்குத் தங்கள் பேச்சைக் கேட்டால் போதும், துபாயிலிருந்துகூட ஓடி வந்து கமெண்ட் போடுவார்கள். பேச்சிக்குக் கண் எப்படி மூடும் என்று இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். அதற்கு நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: 'இது எங்க வீட்ல மட்டும் சொல்லுதது.' பெயர் கிடையாது, ஒரு லாரியின் முகப்புப் படம் மட்டும். சொல் சேகரிக்கிற ஆசையில் ஜெயபிரியா, 'அருமை அண்ணாச்சி! எந்த ஊர்?' என்று கேட்டுவிட்டாள். அவர் ஊர் சொல்லவில்லை. 'ஸ்கூல் எங்கன இருக்கு டீச்சர்?' என்று திருப்பிக் கேட்டார். அவள் பதில் போடவில்லை. ஆனால் குழுவில் இருக்கிற சுந்தரராஜ் சாருக்குப் பெருமை தாங்கவில்லை. 'நம்ம கொற்கை பக்கத்து ஜெயபிரியா டீச்சர் ஸ்கூல்தான்!' என்று கைதட்டுகிற பொம்மையோடு போட்டுவிட்டார். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. நல்லது எதைப் பார்த்தாலும் அதன்மேல் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதிவிட வேண்டும்.

மறுநாள் இடைவேளையில் ஜெயபிரியா போனை என்னிடம் நீட்டினாள். லாரிப் படத்திலிருந்து புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

'முத்து நல்லா இருக்காளா டீச்சர்?'

வீடியோவில் எங்கேயும் பெயர் இல்லை. நான் இரண்டு முறை வாசித்தேன்.

எச்.எம். சார் உடனே குழந்தைகள் உதவி எண்ணுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போன் போட்டார். நான் சந்தனமாரிக்குப் போட்டேன். கடைக்காரர் வண்டியிலேயே அவளைக் கொண்டு வந்து இறக்கிவிட்டார். முத்துவையும் அவளையும் ஆய்வகத்துக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். சந்தனமாரி வீடியோவை ஒரு தடவைதான் கேட்டாள். போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"டீச்சர், அது கரண்ட் போனா சொல்லுத சொல்லு இல்ல" என்றாள் மெதுவாக. பிள்ளை ஜன்னல் பக்கம் நின்றாள். "அடிக்கதுக்கு முன்னால அவரு எல்லா லைட்டையும் அணைப்பாரு. பேச்சி படத்துக்கு மேல எரியுத சின்ன பல்பையும் விட மாட்டாரு. 'பேச்சி கண்ண மூடிட்டா'ம்பாரு. சாமி பாக்கலேன்னா பாவம் இல்லியாம். பிள்ளை என்னன்னு கேட்டா. கரண்ட் போனா சொல்லுததுன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

என் பின்னாலேயே உள்ளே வந்திருந்த ஜெயபிரியா, "இப்பவே அழிச்சிருதேன்" என்று போனை எடுத்தாள்.

"அழிக்காதே!" என்று கத்திவிட்டேன். "அழிச்சா, ஆமா உன் பிள்ளை இங்கதான் இருக்குன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும். அவன் என்ன சொல்லுதான்? எங்க வீட்ல மட்டும்னு சொல்லுதான். இந்தச் சொல்லு ஊர் பூரா இருந்தா என்ன செய்வான்?"

இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பயத்தில் மூளை வேகமாக ஓடியது. ஜெயபிரியா உடனே குழுவில் எழுதினாள்: 'காரணம் கேக்காதீங்க. ஒரு பிள்ளைக்காக. பேச்சி கண்ண மூடிட்டா, இந்தச் சொல் எங்க வீட்டிலும் உண்டுன்னு எல்லாரும் கமெண்ட் போடுங்க. இப்பவே.'

எங்கள் ஆட்களைப் பற்றி நானே எத்தனை குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒருத்தர் ஏன் என்று கேட்கவில்லை. எங்க ஆச்சி சொல்லும், எங்க மாமியார் சொல்லும் என்று கமெண்ட் வந்து விழுந்தது. பேச்சியையே கும்பிடாதவர்கள்கூடப் போட்டார்கள். ஒரு படி மேலே போய், வகுப்புப் பிள்ளைகளைச் சொல்லவைத்து வீடியோவாகவே போட ஆரம்பித்தார்கள் சிலர். அதே கரும்பலகை, அதே சாக்பீஸ், அதே சொல். எந்தக் குரல் எந்த ஊர் என்று எங்களுக்கே குழம்பிப்போயிற்று. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் உள்ளே போனபோது லாரி வந்து நின்றது. ஹார்பரிலிருந்து நிலக்கரி ஏற்றுகிற லாரி, மேலெல்லாம் கருப்பு. இறங்கியவர் வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பை மக்ரூன் இனிப்பு. ஸ்டேஷன் வண்டி இன்னும் வரவில்லை. எச்.எம். சார் எழுந்திருக்கிற மாதிரியும் தெரியவில்லை. "பெத்த அப்பன் வந்து கேட்டா, நாம எப்படி டீச்சர் மாட்டேங்கது?" என்று கையைப் பிசைந்தார். நான் வாசல் கேட்டுக்குப் போனேன். ஜெயபிரியாவும் பின்னால் வந்தாள். கேட்டைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வணக்கம் டீச்சர். நான் சுடலைக்கண்ணன். வைப்பார் பக்கம்" என்றார். பணிவான குரல். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "உங்க வீடியோ ரொம்ப நல்லாருக்கு. ஹார்பர் லைன்ல வண்டி நிக்கும்போது அதத்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். எம் மக முத்துச்செல்வி. ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருதேன்."

"அப்படி ஒரு பிள்ளை இங்க இல்லியே அண்ணாச்சி."

"அது எங்க வீட்டுச் சொல்லுல்லா."

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீங்க? கரண்ட் போனா எங்க வீட்லயும் அதான் சொல்லுதது. பேச்சி கும்பிடுத வீடு எத்தனை இருக்கு இந்தப் பக்கம்!"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கரண்ட் போனாவா? எங்க வீட்ல அதுக்கு வேற அர்த்தம் டீச்சர்."

அந்த அர்த்தம் எனக்குத் தெரியும். அது என் கண்ணில் தெரிந்துவிட்டால் முத்து போனாள். "அப்படியா, என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயபிரியா சட்டென்று போனை நீட்டினாள். "பாருங்கண்ணாச்சி, எத்தனை பேரு. எல்லாரும் எங்க வீட்டுச் சொல்லுன்னுதான் சொல்லுதாங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. முதலில் முகம் இறுகியது. அப்புறம் குழம்பியது. ஒவ்வொரு வீடியோவாகப் போட்டுக் கேட்டார். பேச்சி கண்ண மூடிட்டா, பேச்சி கண்ண மூடிட்டா என்று எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த மனிதர் கையில் இருந்த பை தொங்கிப்போயிற்று. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

ஒரு வீடியோவில் அவர் நின்றார். மறுபடி போட்டார். போனைக் காதோடு வைத்து இன்னொரு தடவை கேட்டார். கண் கலங்கிவிட்டது.

"இதுதான் டீச்சர். எம் மக."

எட்டிப் பார்த்தேன். கிருபாநிதி சார் போட்டது. சாகுபுரத்துக்குத் தெற்கே செம்மணல் தேரிக்காட்டுக்குள் சின்ன நடுநிலைப் பள்ளி அவருடையது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கீச்சுக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். முத்துவின் குரல் உடைந்து, கனத்து, பெரிய பிள்ளைக் குரல் ஆகிவிட்டது. அவர் மனசில் இருந்தது, அவர்கள் வீட்டைவிட்டு ஓடிய நாளில் இருந்த முத்துவின் குரல்.

"இந்த 'ச்சி'ய அவ இப்படித்தான் இழுப்பா. பெத்தவனுக்குத் தெரியாதா?" என்றார். வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். பள்ளிக்கூடத்தின் பெயர், ஊர், வகுப்பு, எல்லாம் கிருபாநிதி சார் பெருமையாகப் போட்டிருந்தார். காரணத்தை நாங்கள்தான் அவரிடம் சொல்லவில்லையே.

அது உங்கள் மகள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அது ஆய்வகத்துக்குள் இருக்கிறது. ஜெயபிரியா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"ரொம்ப நன்றி டீச்சர். உங்களால எம் மக கிடைச்சா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். மக்ரூன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறினார். வண்டியை ஆற்றுப் பாலத்துப் பக்கம், தெற்கே திருப்பினார்.

ஜெயபிரியா கிருபாநிதி சாருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வகுப்பில் இருந்தால் அவர் போனை மேஜைக்குள் வைத்துவிடுவார், குழுவில் எல்லாரையும் அப்படிச் செய்யச் சொன்னவரும் அவர்தான். எச்.எம். சார் மறுபடி ஸ்டேஷனுக்குப் பேசினார். வந்துகொண்டிருக்கிற வண்டி எங்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருகிறது, அதைத் தேரிக்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அந்தப் பள்ளிக்கூடம் எந்த ஸ்டேஷன் எல்லை என்று போனில் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை.

நான் ஆய்வகக் கதவைத் திறந்தேன். சந்தனமாரி மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தாள்.

"போயிட்டாரா டீச்சர்?"

"போயிட்டாரு."

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நீங்க நல்லா இருக்கணும், உங்க பிள்ளை குட்டி எல்லாம் நல்லா இருக்கணும் என்றாள். கையை உருவிக்கொள்ளவும் முடியாமல் நின்றேன். வராந்தாவில் ஜெயபிரியா திரும்பத் திரும்ப அதே நம்பரை அழுத்துகிற சத்தம் கேட்டது.

முத்துச்செல்வி அழவில்லை. ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க போறாரு டீச்சர்?" என்று கேட்டாள்.