ரெட்டினாவின் முன்பாதி

"நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. என் கை நடுங்கியிருக்கா?"

தையல்காரம்மா மேசையில் படங்களை வைத்து இப்படிக் கேட்டபோது, கடைக்காரரின் தங்கை குனிந்து அவற்றையே பார்த்தாள். பொதுவாகவே அவள் வாய் திறக்கிற ஆள் இல்லை. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்கிறார்கள் என்பதற்காகவே ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். வயது முப்பதைத் தொட்ட பிறகும் அண்ணி அவளைப் 'பேசாமடந்தை' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அன்று அவள் பேசாமல் நின்றதற்குக் கூச்சம் காரணமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணனுக்குப் பழைய கேமரா வாங்கி விற்கிற கடை. அதிலும் ஜெர்மனியில் செய்த ரெட்டினா என்றால் அவனுக்கு உயிர். கையில் அடங்குகிற கனமான பெட்டி. முன்கதவைத் திறந்தால் லென்ஸ் வெளியே வந்து நிற்கும், மூடினால் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். அந்தக் குடும்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பிறப்புகள். மூன்றுக்கு அப்புறம் ஆங்கில எழுத்தில் சின்ன சி, அதற்கப்புறம் பெரிய சி. சின்ன சியில் கண் வைத்துப் பார்க்கிற சன்னல் ஒடுக்கம், பெரிய சியில் அகலம். ஒரே மாடலிலேயே இரண்டு கம்பெனிகளின் லென்ஸ் வரும். தூரம் சிலதில் அடிக்கணக்கில் பொறித்திருக்கும், சிலதில் மீட்டரில்.

"உங்க அண்ணனுக்கு என் சித்தப்பா பேரு வாயில வராது. இதுங்க வம்சாவளி மட்டும் மனப்பாடம்" என்பாள் அண்ணி.

விற்பது அண்ணன். பிரித்துத் துடைத்துப் பூட்டுவது தங்கை. கடையின் பின்னறையில், வெளிச்சம் நன்றாக விழுகிற சன்னலோரம் அவளுடைய மேசை. அவளுக்கு ஒரு விதி உண்டு: ஒரு ரெட்டினாவை மூடாமல் இன்னொன்றைத் திறக்க மாட்டாள். காரணம் இருந்தது. சி வகையில் லென்ஸ் இரண்டு பாதி. பின்பாதி கேமராவுக்குள்ளேயே இருக்கும். முன்பாதியை ஒரு திருகு திருகினால் கையோடு வந்துவிடும். அந்த இரண்டு பாதியும் தொழிற்சாலையிலேயே சோடி சேர்த்தவை. இரண்டுக்கும் ஒரே எண். ஒரு கம்பெனியின் முன்பாதி இன்னொரு கம்பெனியுடையதில் ஏறாமல் இருக்கத் தடை வைத்திருக்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றால் அந்தத் தடையும் கிடையாது. அடுத்த வீட்டுப் பிள்ளை நம் வீட்டுப் பாயில் படுத்துக்கொள்வதுபோல் அழகாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். நல்ல வெயிலில் எடுத்தால் வித்தியாசமே தெரியாது. அறை வெளிச்சத்தில், லென்ஸை முழுக்கத் திறந்து, பக்கத்தில் இருக்கிற முகத்தை எடுக்கும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும்.

மூன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் தையல்காரம்மா முதல்முறையாகக் கடைக்கு வந்தார். துணிப்பையில் சின்ன சி ஒன்று. லென்ஸுக்குள் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரரோடது. முப்பது வருஷமா எங்க எல்லாரையும் இவர்தான் எடுத்தாரு. ஒரு படத்துலகூட இவரு இல்ல. இருக்கறது பஸ் ஓட்டற லைசென்ஸ்ல இருக்கே, அந்த ஒண்ணுதான். அதுலயும் திருட்டு முழி." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "டாக்டரு இன்னும் மூணு வாரம்ங்கறாரு. நான் எடுக்கலாம்னு இருக்கேன். எப்பக் கிடைக்கும்?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "வேலை குவிஞ்சு கிடக்கும்மா. அடுத்த வாரக் கடைசி."

தையல்காரம்மா பையின் வாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"இன்னைக்கே தர்றேன்" என்று பின்னறையிலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தான். அது தன் தங்கையின் குரல்தான் என்று நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்போது அவள் மேசையில் இன்னொரு சின்ன சி பிரித்தபடி கிடந்தது. பல் டாக்டருக்குப் போக வேண்டியது. அதை மூட நேரமில்லை. பக்கத்திலேயே இதையும் திறந்தாள். இரண்டு முன்பாதிகளையும் துடைத்து ஒரே துணியில் உலர வைத்தாள். தையல்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். "சும்மா உட்காருன்னா உட்கார மாட்டாரு. பஸ்ஸுல உட்கார்ந்தே தேய்ஞ்சவரு, வீட்டுல நின்னுக்கிட்டே இருப்பாரு. இப்பத்தான் என் பேச்சைக் கேட்டுப் படுத்திருக்காரு." தங்கைக்குக் கண் நிறைந்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டு முன்பாதியை எடுத்து மாட்டினாள். எண்ணைப் பார்த்தாளா? பார்க்கவில்லை. அது அன்று அவளுக்கு உறைக்கவில்லை.

உறைத்தது பல் டாக்டர் வந்தபோது. அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பத்து ரெட்டினா இருக்கிறது. ஒன்றிலும் அவர் பிலிம் போட்டதில்லை. எண், எழுத்து, பொறித்த விதம், அதுதான் அவருக்கு. மூன்று மாதம் கழித்து ஒருநாள் பூதக்கண்ணாடியும் கையுமாகக் கடைக்குள் நுழைந்தார்.

"என்னப்பா, முன்பல்லு ஒருத்தருது, கடைவாய் இன்னொருத்தருது? எண் ஒத்துப்போகலையே! என் வரிசையே கெட்டுப்போச்சு!"

அண்ணன் வாங்கிப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் வாழ்க்கையில் இரண்டைச் சேர்த்துத் திறந்தது ஒரே ஒரு நாள்தான்.

"விடு, விடு. போன் பண்ணி அந்தம்மாவை வரச் சொல்லுவோம்" என்றான் அண்ணன், டாக்டர் கேமராவை விட்டுவிட்டுப் போன பிறகு. "இலவசமா ஒரு தடவை பார்த்துத் தர்றோம்னு சொல்லுவோம். மாத்திடு. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிரும்."

அப்படி வரச் சொன்னதால்தான் தையல்காரம்மா வந்தார். கேமராவோடு படங்களையும் கொண்டுவருவார் என்று அண்ணன் நினைக்கவில்லை. கணவர் போய் இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

"இதுல படம் எடுக்க எடுக்க எண் கீழ்நோக்கிப் போகுமில்ல" என்றார், படங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தபடி. "முப்பத்தாறு, முப்பத்தஞ்சுன்னு. அவரு படுத்தபடியே எண்ணுவாரு. 'இன்னும் பதினாலு பாக்கி இருக்கு, அதுவரைக்கும் நான் போக மாட்டேன்'னு வம்புக்கு இழுப்பாரு. ஒண்ணு வந்ததும் பூட்டிக்கிச்சு. அதுக்கு ரெண்டாம் நாளு." அடுத்த படத்தை எடுத்து வைத்தார். "கழுவி வாங்கினா, முப்பத்தாறுல ஒண்ணுலகூட மூஞ்சி தெரியல. நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. என் கை நடுங்கியிருக்கா?"

தங்கை குனிந்து பார்த்தாள். கட்டிலில் ஒரு மனிதர் சாய்ந்திருந்தார். ஈரப்பஞ்சால் தேய்த்ததுபோல் முகம் கரைந்திருந்தது. வாய் இருக்கும் இடத்தில் ஒரு மங்கல். சிரிக்கிறாரா, வலியா, சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு இரண்டடி பின்னால் தொங்கிய சன்னல் திரை! அதன் விளிம்பில் ஓடிய தையல் துல்லியமாக இருந்தது. எண்ணலாம். ஓரிடத்தில் நூல் முடிந்து புது நூல் ஆரம்பிப்பதுகூடத் தெரிந்தது.

கை நடுங்கினால் எல்லாம் சேர்ந்து கோடு கோடாக இழுபடும். திரையை மட்டும் விட்டுவைக்காது.

"நடுங்கியிருக்கும்மா" என்றான் அண்ணன், மெதுவாக. "அந்த நேரத்துல யாருக்குத்தான் நடுங்காது? மனசுல போட்டுக்காதீங்க."

தையல்காரம்மா தலையாட்டினார். "அப்படித்தான் நானும் நினைச்சேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் நேராத் தையல் அடிப்பேன்னு பெருமை பேசின கை. ஒரு மனுசனை எடுக்க முடியல." தன் வலது கையை, யாருடையதோ போல், திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கல்யாணக் கோட்டு வந்துச்சு. கத்திரியை எடுத்தேன், துணியில வைக்கப் பயமா இருந்துச்சு. திருப்பிக் குடுத்துட்டேன். மிஷினையும் ஒருத்தர் கேட்டிருக்காரு. வெள்ளிக்கிழமை வந்து தூக்கிக்கிட்டுப் போறாரு."

"வியாழக்கிழமை வந்து கேமராவை வாங்கிக்கங்க" என்றான் அண்ணன்.

அவர் போனதும் தங்கை கேமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் மங்கல் கண்ணாடித் துண்டை வைத்தாள். எதிரே அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் மூக்குக்குக் குறி வைத்தாள். கண்ணாடியில் அண்ணி கரைந்துபோயிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் மாட்டிய காலண்டரின் தேதிகள் பளிச்சென்று தெரிந்தன. பல் டாக்டருடையதிலிருந்து சரியான முன்பாதியை எடுத்து மாட்டினாள். மறுபடி பார்த்தாள். அண்ணி கொட்டாவி விட்டாள். கடைவாய்ப் பல்லின் அடைப்புவரை தெரிந்தது.

"என்னைப் பார்த்து எதுக்குடி அழுவுற? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?" என்றாள் அண்ணி.

"அண்ணி, நான் அந்தம்மாகிட்ட சொல்லப் போறேன்."

பட்டாணித் தோல் அண்ணியின் கையிலேயே நின்றது. அண்ணன் வாசல் பக்கத்திலிருந்து வந்தான்.

"சொல்லி?" என்றான். "அந்த ஆளு திரும்பி வந்து படுக்கப்போறாரா, இன்னொரு தடவை எடுக்க? இப்ப அது அவங்க கை செஞ்ச தப்பு. தன் கையைத் தானே மன்னிச்சிக்கலாம். நீ போய்ச் சொன்னா, யாரோ தொலைச்சதாகும். அதை எங்க கொண்டுபோய் வைப்பாங்க?"

அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

"மிஷினை வித்துட்டா?" என்றாள் தங்கை.

"அது அவங்க பாடு."

"நாளைக்கு எனக்கு ஒரு பாவாடை தைக்கணும்னாலும் அவங்ககிட்டத்தான் போகணும்" என்று அண்ணி யாரையும் பார்க்காமல் சொன்னாள். அது எந்தப் பக்கத்துக்குச் சாய்ந்த பேச்சு என்று இருவருக்கும் புரியவில்லை.

வியாழக்கிழமை தையல்காரம்மா வந்தார். அதே பை. அண்ணன் கேமராவைத் துடைத்து, வேண்டிய அளவுக்கு மேலேயே துடைத்து, மேசையில் வைத்தான். "புதுசு மாதிரி ஆயிடுச்சும்மா."

தங்கை பின்னறையிலிருந்து வந்து மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கை நடுங்கல."

"என்னம்மா?"

"ஏய், உள்ள போ" என்றான் அண்ணன்.

"அந்தப் படத்துல திரையைப் பாருங்க. தையலு ஒவ்வொண்ணும் தெரியுது. கை நடுங்கினா அது தெரியாது. நீங்க அசையவே இல்ல. ஒரு படத்துலகூட அசையல." பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னபோது வந்த அதே வியர்வை. ஆனால் நிறுத்தவில்லை. "இதோட முன்பாதிய நான் மாத்தி மாட்டிட்டேன். இன்னொரு கேமராவோடத இதுல மாட்டிட்டேன். அதான் தெளிவு அவரு முகத்துல விழாம, பின்னால திரையில போய் விழுந்திருச்சு. தப்பு என்னோடது. இப்ப சரி பண்ணியாச்சு."

அண்ணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

தையல்காரம்மா பையைத் திறந்து மேலாக இருந்த ஒரு படத்தை எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. சுண்டுவிரல் நகத்தால் திரையின் விளிம்பில், மேலிருந்து கீழாக, மெல்லக் கோடு இழுத்துக்கொண்டு போனார். அடிவரை போனார்.

பிறகு திரும்பி வந்தார்.

"எப்படி மாறிச்சு?"

"ரெண்டையும் ஒண்ணாப் பிரிச்சு வெச்சிருந்தேன்."

"எப்பவும் அப்படித்தான் பிரிப்பியா?"

"இல்ல. ஒண்ணை மூடாம இன்னொண்ணைத் தொட மாட்டேன்."

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏன்?"

தங்கை தரையைப் பார்த்தாள். வேறு பதில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"உங்களுக்கு அன்னைக்கே குடுக்கணும்னு."

தையல்காரம்மா அவளைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. அவர் கை நீண்டது. கன்னத்தைத் தொடவா, அறையவா என்று தெரியாத ஒரு கணம், மேசைக்கு மேலே அந்தக் கை அப்படியே நின்றது. துளியும் நடுங்கவில்லை. பிறகு அது கீழே இறங்கி, படத்தைப் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு மடிப்பு மடித்தது.

"அம்மா, கேமரா" என்று அண்ணன் எழுந்தான்.

அவர் கேமராவைப் பார்க்கவில்லை. வாசல்படியில் ஒரு கையால் சுவரைப் பிடித்து இறங்கி, கேமரா மேசையிலேயே இருக்க, தெருவில் நடந்து போனார்.