இறுக்கிக் கட்டிய குழாய்

மெக்கானிக்கின் கண்ணெதிரே எதுவும் தொங்கக் கூடாது. இருபது வருடம் ஐஸ்கிரீம் கம்பெனியில் குளிர்பெட்டிகளோடு மல்லுக்கட்டியவர். தொங்குகிற குழாயைக் கண்டால் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டுத்தான் மறுவேலை. இப்போது அவர் பார்த்துக்கொள்வது குவாண்டம் கணினியின் குளிர்பெட்டியை. விண்வெளியே தோற்றுப்போகும் குளிர்.

மூன்று வாரமாக அந்த ஆய்வகத்தில் எல்லார் முகமும் தொங்கிக் கிடந்தது. அதை மட்டும் அவரால் இறுக்க முடியவில்லை.

"என்னதான் மேடம் பிரச்சினை?" என்று தலைமை ஆராய்ச்சியாளரிடம் கேட்டார்.

"இந்தக் கணினியில தகவலைச் சுமக்கிற துணுக்குக்குப் பேரு கியூபிட். அது சரியான தொட்டாச்சிணுங்கி. லேசா ஒரு அதிர்வு போதும், வெச்சிருக்கிற தகவலைக் கோட்டை விட்டுடும். அதான் ஒரே தகவலைப் பதினேழு கியூபிட் கூட்டா சுமக்குது. அதுல சிலது காவல்காரங்க. பக்கத்துல இருக்கிறதுங்க ஒத்துப்போகுதான்னு மட்டும் பார்ப்பாங்க."

"உள்ள என்ன இருக்குன்னு நேராவே பார்த்துடலாமே?"

"பார்த்தா தகவல் காலி. தப்பு வரத்தான் செய்யும். வந்தா யாராவது சொல்லணும், அவ்வளவுதான். சொன்னா திருத்திடலாம்."

"அப்புறம் என்ன கவலை?"

"முன்னல்லாம் கியூபிட்டைக் கூட்டினா தப்பும் கூடும். கூட்டக் கூட்டத் தப்பு குறையும்னு சமீபத்துலதான் செஞ்சு காட்டியிருக்காங்க. இந்த மிஷின் என்னைக்காவது உருப்படணும்னா அதுதான் வழி. நமக்கோ நாப்பத்தொன்பது வெச்சா பதினேழைவிட மோசமா வருது. வேற வழி தெரியலை, புதன்கிழமை கியூபிட் இருக்கிற சிப்பை மாத்தி அதிர்ஷ்டத்தைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நிதி கொடுக்கிற குழு வருது. அதுக்குள்ள தப்பு குறையறதைக் காட்டலைன்னா ஆய்வகத்துக்குப் பூட்டுதான்."

மெக்கானிக் தன் வயதைக் கணக்குப் போட்டார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு வேலை தேடுவது என்ன லேசா?

புதன் காலை வீட்டில் துணி துவைக்கும் மிஷின் ஓட, சமையலறை அலமாரியில் பாத்திரங்கள் கச்சேரி நடத்தின. மனைவி வந்து நின்றாள்.

"அந்தக் குழாயை அலமாரியோட சேர்த்துக் கட்டினது யாரு?"

"பார்க்க அழகா இருக்கும்னு..."

"நல்ல அழகு! மிஷின் ஆடுற ஆட்டமெல்லாம் என் டம்ளருக்கு வந்து சேருது. அவுத்து விடுங்க, அது பாட்டுக்குத் தொங்கட்டும்."

அவிழ்த்தார். பாத்திரங்கள் வாயை மூடிக்கொண்டன. அவருக்குத்தான் கை அப்படியே நின்றுபோனது. மூன்று வாரத்துக்கு முன், ஓயாமல் அதிரும் ஆய்வகத்துப் பம்பின் குழாய் தளர்ந்து தொங்குகிறதே என்று குளிர்பெட்டியின் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியதும் இதே கைதான்.

பஸ்ஸில் வழிநெடுக மனசு அடித்துக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் கேபிள் டையை வெட்டிவிடலாம். ஆனால் சிப்பை மாற்றப் பெட்டியைத் திறந்தால், மறுபடி குளிரவே குறைந்தது ரெண்டு நாள் ஆகும், குழுவுக்குக் காட்ட நேரமே இருக்காது. சொன்னால் தன் வேலை போகலாம், சொல்லாவிட்டால் எல்லார் வேலையும் போகும்.

மேடம் கையில் ஸ்பானரோடு நின்றார்.

"திறக்காதீங்க மேடம். தப்பு என்னுது, அந்தப் பம்புக் குழாயை நான்தான் இறுக்கிக் கட்டினேன்," என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

மேடம் குழாயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு கத்தரிக்கோலை நீட்டினார்.

வியாழன் மாலை தப்பைக் காட்டும் திரையில் நாற்பத்தொன்பதின் கோடு, பதினேழின் கோட்டுக்குக் கீழே இறங்கி நின்றது. சிரித்து முடித்த மேடம், "நாளைக்குக் குழு வந்து மூணு வாரம் ஏன் வீணாச்சுன்னு கேட்பாங்களே?" என்றார்.

"நான் கட்டின குழாய்னு சொல்லுங்க மேடம். தப்பு வந்தா யாராவது சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க."

வெள்ளிக்கிழமை அவரே எழுந்து நின்று சொன்னார். குழு விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது. பூட்டு ஆய்வகத்துக்கு விழவில்லை, கேபிள் டை இருந்த இழுப்பறைக்கு விழுந்தது. சாவி மேடத்திடம்.