கிரிவலத்து மைக்குக் குரல்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளைகளின் பேரை மைக்கில் சொல்லிப் பெற்றவர்களிடம் சேர்த்துவைப்பவன் இளஞ்செழியன். செங்கம் ரோட்டுப் பக்கம் அவன் குரலுக்கு இருந்த மரியாதை கவுன்சிலருக்குக்கூடக் கிடையாது. அந்தக் குரலைத்தான் சென்னைக் கம்பெனி ஒன்று பிடித்துக்கொண்டது. எங்கோ ஒரு நாட்டு அரசாங்கம் தன் போரை நியாயப்படுத்தி எழுதித் தரும். இவன் தமிழில் படிப்பான். யார் எழுதியது என்று தெரிந்தேதான் படித்தான். வாசிக்கிறவனுக்கு என்ன வந்தது என்று ஒரு நினைப்பு. புத்தி புல் மேயப் போனால் வேறென்ன தோன்றும்?

“குண்டு விழுந்த ஆஸ்பத்திரி காலியாக இருந்தது. அழுகிற பெண்கள் எல்லாம் நடிகைகள்” என்று அவன் முகம் காட்டாமல் படித்த வீடியோ தெரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. அவன் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த மார்த்தா, குண்டு விழுந்த நாட்டுக்காரி. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த தங்கையைப் பறிகொடுத்தவள். தங்கையின் போட்டோவை இளஞ்செழியன் மனைவி அன்புச்செல்வியிடம் காட்டி அழுதாள். அன்புச்செல்வியோ அந்த வீடியோவையே அவளுக்குப் போட்டுக் காட்டி, முகத்தில் அடித்தாற்போல் ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் இளஞ்செழியன் மனைவியிடம் உண்மையைச் சொன்னான்.

“அது பொய் செல்வி. குண்டு போட்டவனே எழுதிக் குடுத்தான், நான் படிச்சேன்.”

“வெள்ளக்காரி அழுதான்னு மனசு எளகிட்டீங்க. புள்ளைங்கள சேத்து வெக்கிற வாய் பொய் சொல்லுமா?”

அவன் செல்போனை எடுத்து, “அந்த வீடியோல நான் பேசினது எல்லாமே பொய்ங்க” என்று பேசிக் குழுவில் போட்டான். டீக்கடை தருமனிடமிருந்து உடனே பதில் வந்தது: “அண்ணன் குரல ஏஐ-ல திருடிட்டானுங்க. இப்ப வந்த ஆடியோவ யாரும் நம்பாதீங்க.” அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். அவனுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை ஆட்டோ வந்தது. இருந்துவிடச் சொல்லி அவன் கெஞ்சியும் மார்த்தா கேட்கவில்லை. பெட்டியை அவன்தான் மாடியிலிருந்து இறக்கினான்.

“நீங்க நல்லவரு” என்றாள், தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில்.

அவனால் தாங்க முடியவில்லை. “அந்த வீடியோ... அது என் குரல். பேசினது நான்தான்.”

மார்த்தா நிமிர்ந்து பார்த்தாள். அவன் சொன்னதை நம்பியவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான். அவன் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.