அந்தப் பக்கம் திருப்ப வாணாம்

துஷ்யந்தி மூன்றாவது முறையாக அந்த வீடியோவைப் போட்டதும் ஜனார்த்தனனுக்குச் சோறு இறங்கவில்லை.

"கையப் பாருங்க" என்றாள், போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தபடி. "உளியப் புடிச்சிருக்க மாதிரியே இல்ல. பச்சப் புள்ளைக்குத் தல சீவுற மாதிரி இருக்கு."

போனில் பல்லேகல ஆகிப், ஒரு பழைய கிட்டாரின் மேல் பலகையைச் சீவிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது. கிட்டார் திருத்தத் தொடங்கி ஐந்து வருஷம். பேஸ்புக்கில் பதினெட்டாயிரம் பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். வத்தேகமவில் ஜனார்த்தனன் அதே வேலையை இருபது வருஷமாகச் செய்கிறான். காலையில் கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞன், மற்ற நேரமெல்லாம் வீட்டு முன்னறையில் கிட்டாரும் பசையும். அவனுடைய பக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி துஷ்யந்தி. இன்னொருவன் ஆகிப். அதுதான் எரிச்சல்.

"நம்ம வீட்டுலயும் ஒருத்தன் கிட்டார் செய்றான். அவன ஒரு நாள் வீடியோ எடுத்தியா?"

"நீங்க முதுகக் காட்டிக்கிட்டுத்தானே வேல செய்றீங்க. முதுகையா எடுக்கிறது?"

ஜனார்த்தனன் கையைக் கழுவினான். ஒரே ஒரு பிழை. அந்தப் பயலுடைய வேலையில் ஒரே ஒரு பிழை கிடைத்தால் போதும்.

சனிக்கிழமை அது வாசலுக்கே வந்தது. கொண்டு வந்தவர் மயில்வாகனம், ஓய்வு பெற்ற வங்கிக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாற்பது வருஷமாகக் கண்டியில் இருக்கிறார், பேச்சு மட்டும் இன்னும் வந்த நாளில் இருந்தபடியே. பெட்டியைத் திறந்தார். அறுபது வருஷத்துக் கிட்டார், தேன் நிறம், கண்ணைப் பறித்தது. ஆனால் கம்பிகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு காகிதத்தைச் செருகினால் உள்ளே போயிற்று.

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன தெல்தெனியவில ஒரு ஏலத்தில எடுத்தனான். ஆகிப்தான் திருத்தித் தந்தவர். அவர் இப்ப புத்தளத்தில, கலியாண வீடு. வாற கிழமை மகள் இதோட மேடையேறோணும், தம்பி."

"தானாவே கழண்டதுங்களா?"

மயில்வாகனம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம் ஓம். தானா."

ஜனார்த்தனனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் போனதும் சமையலறைக்குப் போனான்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம, லீவு. நீ போனப் புடி, நாம லைவ் போறோம். ஒன் ஆகிப் வேலய ஊரே பாக்கட்டும்."

"என் ஆகிப்பா?" துஷ்யந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனை இன்னும் எரித்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு லைவ் தொடங்கியது. கிட்டாரின் வட்டத் துளை வழியாக ஒரு சின்ன விளக்கை விட்டான். பிறகு பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் கண்ணாடி. துஷ்யந்தி போனை நெருக்கிப் பிடித்தாள்.

"வணக்கம். ஒரு கிட்டாரோட உண்மை உள்ளுக்குத்தான் இருக்கு. நான் எந்த வேல செஞ்சாலும் உள்ள பென்சிலால பேர், ஊர், வருஷம் மூணும் எழுதுவேன். துளையால பாத்தேன், இதத் திருத்தினவரு எழுதல்ல. ஏன் எழுதல்லன்னு இப்பப் பாப்போம்."

கண்ணாடியைத் திருப்பினான். மேல் பலகையில் ஓடியிருந்த பழைய வெடிப்புக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன மரத்துண்டுகள். ஒவ்வொன்றும் ஓரம் சீவப்பட்டு, ஒரு சொட்டுப் பசை வெளியே வராமல் உட்கார்ந்திருந்தது. தான் செய்தால் இப்படி வராது என்று அவன் கைக்குத் தெரிந்தது. வாய் வேறு சொன்னது.

"இதெல்லாம் கண்ணுக்கு அழகு. அவ்வளவுதான்."

"அறுபத்தொரு பேர் பாக்குறாங்க" என்றாள் துஷ்யந்தி. அடுத்த நொடி அவள் குரல் மாறியது. "இங்க பாருங்க, ஆகிப்பும் பாக்குறாரு. கமென்ட் போட்டிருக்காரு. 'ஜனா அண்ணே, கண்ணாடிய பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் திருப்ப வாணாம். லைவ நிப்பாட்டிட்டு எனக்கு கோல் எடுங்க.'"

ஜனார்த்தனனின் முகம் மலர்ந்தது. பயந்துவிட்டான்! கலியாண வீட்டில் வட்டிலப்பம் தொண்டையில் சிக்கியிருக்கும்.

"கேட்டீங்களா? திருப்ப வேணாமாம். அப்ப அங்கதான் இருக்கு சங்கதி."

திருப்பினான். விளக்கு வெளிச்சத்தில் ஒரு மரப்பட்டி தெரிந்தது. பலகையைத் தாங்க உள்ளே குறுக்காக ஒட்டும் பட்டி. அது கோணலாக நின்றது. இரண்டு பக்கமும் பசை மெழுகுதிரி போல் வழிந்து காய்ந்திருந்தது. நடுவில், யாரும் நம்ப மாட்டார்கள், ஒரு இரும்பு ஸ்க்ரூ.

"ஐயோ, ஸ்க்ரூ! கிட்டாருக்குள்ள ஸ்க்ரூ! வேல தெரிஞ்சவன் செய்ற வேலையா இது? தகரக் கூரை அடிக்கிறவன் செய்ற வேல! இவருக்குப் பதினெட்டாயிரம் பேர் கை தட்டுறீங்க!"

"நூத்தி நாப்பது பேர்" என்றாள் துஷ்யந்தி மெதுவாக. "ஏங்க, அந்தப் பட்டிக்குப் பக்கத்துல பென்சில்ல என்னமோ எழுதியிருக்கே?"

கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித்தான் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கிறுக்கல். இருபது வருஷமாக அந்தக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவனுக்கு அப்படியில்லை.

ஜனார்த்தனன். வத்தேகம. 2008.

நினைவு வந்தது. தெல்தெனியவில் கலியாணங்களுக்கு வாசிக்கும் ஒரு பேண்ட். வெள்ளி நட்சத்திரம் ஒட்டிய கறுப்புக் கிட்டார். மறுநாள் கச்சேரி என்று ஒற்றைக் காலில் நின்றார்கள், அவசரத்தில் ஒரு ஸ்க்ரூவைப் போட்டு அனுப்பியிருந்தான். ஆகிப் அந்தக் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்திருக்கிறான். அதனால்தான் அடையாளம் தெரியவில்லை.

"என்னாங்க பேர்? சத்தமாச் சொல்லுங்க, எல்லாரும் கேக்குறாங்க."

கண்ணாடியை வெளியே எடுத்தால் போதும். யாருக்கும் தெரியாது. ஆகிப்புக்கு மட்டும் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரிந்தும் யாரிடமும் சொல்லாதவன். இன்றைக்கும் சொல்ல மாட்டான். பழியைச் சுமந்துகொண்டு வட்டிலப்பம் சாப்பிடுவான். வேலையில் மேலே நிற்பவன் குணத்திலும் மேலே நிற்பான்.

அதைத்தான் ஜனார்த்தனனால் தாங்க முடியவில்லை.

"என் பேர்" என்றான். "ஜனார்த்தனன், வத்தேகம, ரெண்டாயிரத்தி எட்டு. அந்தத் தகரக் கூரைக்காரன் நான்தான்."

துஷ்யந்தி லைவை நிறுத்த மறந்தாள். கீழே மடமடவென்று சிரிப்புப் படங்கள் ஏறின.

பத்து நிமிஷத்தில் ஆகிப் அழைத்தான். பின்னால் கலியாண வீட்டு இரைச்சல்.

"ஏன் அண்ணே சொன்னீங்க? நான் ஒரு மனுசருக்கும் சொல்லல்லயே!"

"அதனாலதான் சொன்னேன்" என்றான் ஜனார்த்தனன் கடுப்பாக. "ஏன் அந்தப் பட்டியக் கழட்டாம விட்ட?"

"கோணலா ஈந்தாலும் புடிச்சிட்டு ஈக்கிது அண்ணே. கழட்டினா பலக பிளந்துரும். ஒங்கட பேரயும் அழிக்க மனசு வரல்ல. பிரிட்ஜ் கழண்டது பட்டியாலயும் இல்ல, ஏன்ட பசையாலயும் இல்ல. அது சூட்டுக்குத்தான் இளகும். எங்கயோ வெயில்ல வெச்சீக்காங்க."

அடுத்த அழைப்பு மயில்வாகனத்துடையது. லைவை அவரும் பார்த்திருந்தார். "தம்பி, நீர் உள்ளதைச் சொன்ன பிறகு நான் மறைக்கிறது வெக்கம். பல்லேகலவில மட்ச் பாக்கப் போன அண்டைக்கு முழுநாளும் காருக்குள்ள விட்டிட்டன். மகளுக்குச் சொல்லிப் போடாதேயும்." கிட்டாரைத் திருப்பி எடுக்க வருகிறாரா என்று கேட்டான். "ஏன்? நீரே ஒட்டும்."

ஒட்டினான். பழைய பசையை வெந்நீர்த் துணியால் இளக்கிச் சுரண்டி, வச்சிரப் பசை காய்ச்சி, பிரிட்ஜை இறுக்கி மூன்று நாள் கை வைக்காமல் விட்டான். ஓரத்தில் ஒரு சொட்டும் வழியவில்லை. இந்த முறை உள்ளே பேர் எழுதவில்லை. ஒட்டி முடியும் வரை துஷ்யந்தி எதிரில் கதிரை போட்டு உட்கார்ந்து, முதுகை அல்ல, கையைப் படம் எடுத்தாள்.

வியாழக்கிழமை ஆகிப் ஒரு செய்தி அனுப்பினான். அந்த லைவைத் தன் பக்கத்தில் பகிரலாமா, இப்படி நேர்மையான ஆளை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று. ஜனார்த்தனன் பெருந்தன்மையாகச் சரி என்றான்.

மாலையில் துஷ்யந்தி போனை நீட்டினாள். "நம்ம பக்கத்துல எழுநூறு பேர் பாத்திருக்காங்க! இவ்ளோ என்னைக்கும் வந்ததில்ல!"

"அவன் பக்கத்துல?"

அவள் போனை இடுப்பில் செருகினாள்.

"துஷ்யந்தி, சொல்லு. அவன் பக்கத்துல எத்தன?"

"சோறு ஆறுது, வாங்க" என்றாள் அவள்.