‘சரிங்க’ என்றவருக்குச் சிவப்பு

1

இந்தக் கதை என் தங்கை என்னைத் திட்டியதில் பிறந்தது. அவள் தொலைபேசியில் அரைமணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்தபடி “சரி”, “சரி சரி”, “ம்ம், சரி” என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இதோட பதினோரு சரி. எண்ணிட்டேன். எங்க மெஷின்ல உன்னைப் போட்டா ரத்தச் சிவப்புதான் வரும்.”

“சரி” என்றேன். அவள் சொன்னது காதில் விழுந்தது அதற்கப்புறம்தான். “என்னது? எந்த மெஷின்?”

அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். திட்டை மாற்றவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘மருத்துவமனையின் இருண்ட தாழ்வாரத்தில், நடுங்கும் கைகளோடு ஒரு மனிதன்—’

படித்துக் காட்டியதும் தங்கை சிரித்துவிட்டாள். “யாருக்கா இவரு? எங்க தாழ்வாரத்துல ஆறு டியூப் லைட் எரியுது. அவர் இஸ்திரி போட்ட சட்டைல வருவார். கை நடுங்குறது எனக்குத்தான், காலைல சாப்பிடாம ஓடிவர்றதால.”

ஆகவே தங்கையிலிருந்தே தொடங்குகிறேன். அவள் ஆலோசகர். எச்.ஐ.வி. இருந்து, கூடவே போதைப் பழக்கத்திலிருந்தும் மீண்டுகொண்டிருப்பவர்கள் மாதம் ஒருமுறை அவள் அறைக்கு வருவார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும். வேலை, வீடு, சண்டை, சிரிப்பு எல்லாம் மற்றவர்களுக்குப் போலவே நடக்கும். நடுவில் வராமல் நின்றுவிடுவதுதான் ஆபத்து. வந்தவரைப் பற்றி அவள் நாலு வரி எழுதி வைப்பாள். மூன்று வருடக் குறிப்புகளை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஒரு கணினிக்குப் படிக்கக் கொடுத்தார்கள். யார் வராமல் நின்றார்கள் என்பதை அதில் கற்றுக்கொண்டு, இனி யார் நிற்கக்கூடும் என்று அது பட்டியல் போடும். வருவார் என்று தோன்றினால் பச்சை. சந்தேகமென்றால் சிவப்பு.

கணினியை மேய்ப்பவர் பெயர் புள்ளி சார். புள்ளியியல் படித்ததால் வந்த பெயர். மற்றபடி பெரிய புள்ளி இல்லை. காப்பி எப்படி என்று கேட்டால்கூட “எழுபது சதவீதம் நல்லாருக்கு” என்பார்.

3

முதல் பட்டியல் புதன்கிழமை வந்தது. எந்த எண் யார் என்பது தங்கைக்குத் தெரியும். பஸ் ஓட்டுநருக்குப் பச்சை. மாதாமாதம் வந்து, “ஏம்மா, இவ்ளோ பெருசா இருக்கே, இது மாத்திரையா, குளிக்கிற சோப்பா?” என்று வம்புக்கு நிற்பவர் அவர். பூட்டு ரிப்பேர் செய்கிறவருக்குச் சிவப்பு. தங்கை நேரே புள்ளி சாரிடம் போனாள்.

“சார், உங்க மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? பூட்டுக்காரர் தங்கமான மனுஷன். எட்டு மாசமா போதை ஊசியைத் தொடல. நான் எது சொன்னாலும் ‘சரிங்க’ம்பாரு.”

“அதான்மா பிரச்சனை.”

“எது?”

“சரிங்க.”

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் குறிப்புகளில் எங்கெல்லாம் ‘எல்லாவற்றுக்கும் சரி என்றார்’ என்று இருந்ததோ, அங்கெல்லாம் கணினி சிவப்பை அடர்த்தியாக்கியிருந்தது. ‘வாக்குவாதம் செய்தார்’, ‘கோபித்துக்கொண்டார்’ என்ற இடங்களில் பச்சை.

“அப்போ சண்டை போடறவங்கதான் திரும்பி வர்றாங்களா? ஏன் சார்?”

“ரெண்டும் சேர்ந்து வருதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஏன்னு நீங்கதான்மா கண்டுபிடிக்கணும்.”

(இது இந்தக் கதையின் கணினி கண்டது மட்டும். உங்கள் வீட்டில் சண்டை போடுகிறவரைப் பார்த்து நிம்மதியடைந்துவிட வேண்டாம்.)

4

தங்கை தன் பழைய கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டும் அதில் இருந்தன. ஓட்டுநர்: நாற்பது நிமிடம். சோப்பில் தொடங்கி, தூக்கம், மனைவி, பழைய கூட்டாளிகள் வரைக்கும் போயிருந்தது பேச்சு. பூட்டுக்காரர்: ஆறு நிமிடம். போன மாதம் ஐந்து.

சண்டை போட்டவர்களுக்கு அவள் நேரம் கொடுத்திருந்தாள். சரி என்றவர்களுக்கு மருந்துச் சீட்டு கொடுத்திருந்தாள்.

“அக்கா, மெஷின் அவங்களைப் பத்திக் கத்துக்கல. என்னைப் பத்திக் கத்துக்கிச்சு.”

இந்த இடத்தில் ‘சரி என்பது உள்ளிருந்து தாழிட்ட ஒரு கதவு’ என்று எழுதி, அடித்துவிட்டேன். பூட்டுக்காரர் வரும் கதையில் கதவு உவமை! வெட்கமாக இருந்தது. சாதாரணமாகவே சொல்கிறேன். சம்மதம் என்பதற்கும் நாம் சரி என்கிறோம்; போதும், என்னை விடு என்பதற்கும் சரி என்கிறோம். நான் பெரும்பாலும் இரண்டாவது வகை. கணவரிடம், மருத்துவரிடம், தங்கையிடம். “இல்லை, என்னால் முடியவில்லை” என்று கடைசியாக நான் சொன்னது—

அது வேறு கதை.

5

கோப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பூட்டுக்காரர் அந்தத் திங்கட்கிழமையே வந்திருக்க வேண்டும், வரவில்லை. வெள்ளி வரைக்கும்தான் அவர் கையில் மாத்திரை. தங்கை கூப்பிட்டாள்.

“வந்து மாத்திரை வாங்கிக்குங்க.”

“சரிங்க மேடம்.”

நிம்மதியாகப் போனை வைத்தாள். வைத்த பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை சண்டைக்கு இழுப்பதென்று முடிவு.

“நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வரணும்.”

“சரிங்க.”

“நடந்தேதான் வரணும்.”

“சரிங்க.”

“தலைகீழா நடந்து வரணும்.”

“...சரிங்க மேடம்.”

அவர் குரலில் சிரிப்பில்லை. தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. தங்கை போனை வைத்தாள். எட்டு மாதமும் ஆறு ஆறு நிமிடமாகத் தான் அனுப்பிவைத்தது இந்தக் குரலைத்தான் என்று நினைத்தாள்.

அவள் அறையின் மருந்து அலமாரிப் பூட்டு ஒரு வாரமாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து, ஊழியர்கள் சாப்பிடும் அறைக்குப் போய், ஒரு பாட்டிலோடு திரும்பினாள். அப்புறம் மூன்றாவது முறை கூப்பிட்டாள்.

“ஒண்ணு கேக்கணும். எங்க அலமாரிப் பூட்டு திறக்கவே மாட்டேங்குது. அதனால சாவி ஓட்டையில எண்ணெய் ஊத்திட்டேன்.”

“என்ன... எண்ணெய்ங்க?”

“சமையல் எண்ணெய்தான். ரெண்டு ஸ்பூன்.”

பூட்டைக் கழற்றிப் பார்த்திருக்கும் எவருக்கும் வயிறு எரியும். சமையல் எண்ணெய் உள்ளே போனால் தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகிவிடும்.

(“நிஜமாவே ஊத்தினியா?” என்று கேட்டேன். “பின்ன? அவர்கிட்ட இனிமே பொய்யா ஒரு வார்த்தை பேசறதில்லைன்னு இருக்கேன்.”)

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்சம் பலமான மூச்சு. தங்கை விடவில்லை.

“நான் செஞ்சது சரிதானே?”

6

இதற்கு மேல் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். முடிவு ஒன்றை எழுதியும் பார்த்தேன்: மாத்திரை தீரும் முன்பே அவர் பையோடு வந்து நின்று, “யாருங்க உங்களை இதுல கை வைக்கச் சொன்னது?” என்று கத்தத் தொடங்கி, நாற்பது நிமிடம்—

அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே நம்பவில்லை.

பூட்டுக்காரர் சொன்னார்: “............”

கோடிட்ட இடம் உங்களுடையது. எதை வேண்டுமானாலும் நிரப்புங்கள், என்னோடு சண்டைக்குக்கூட வாருங்கள். தலையை ஆட்டி “சரி” என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். உங்கள் போன் எண்ணைத் தங்கையிடம் கொடுத்துவிடுவேன். அவள் மூன்று முறை கூப்பிடுகிறவள்.