வாங்கின விலை

மொத்த மார்க்கெட்டில் அவனுக்குத் தக்காளி மேதை என்று பெயர். பட்டம் கொடுத்தவன் அவனேதான். வெயில் ஏறி, கூடைகளின் அடியில் ஈரம் கசியத் தொடங்கினால் போதும், வாங்கின விலையில் பாதிக்குக் கொடுத்தாவது கடையைக் காலி செய்துவிடுவான். பக்கத்துக் கடைக்காரர் விலையை இறக்க மனம் வராமல் கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இவனுக்குப் பொறுக்காது.

"என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு உங்களுக்குத்தாண்ணே தெரியும், தக்காளிக்குத் தெரியுமா? தள்ளி விடுங்க!"

மார்க்கெட்டே தலையாட்டும். அவன் மனைவி மட்டும் ஆட்ட மாட்டாள். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை அவள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, பள்ளிச் சீருடையும் தலையணை உறையும் தைத்துத் தைத்துக் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தாள். சொந்தமாகத் தையல் கடை வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அந்தப் பணத்தின் மேல் புலியின் கண் பட்டது.

புலி என்பது, தன்னைப் பங்குச் சந்தைப் புலி என்று சொல்லிக்கொள்ளும் கணவனின் அண்ணன். அவருக்கு ஓர் அலுவலகத்தில் நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்து பங்கு விலை பார்ப்பதுதான் அவர் பார்த்த வேலை. இந்தப் புலி எதையாவது பிடித்ததாக இதுவரை யாரும் கண்டதில்லை. அவர் பேச்சைக் கேட்டு, தம்பிக்காரன் தன் மனைவியின் பணத்தை வாங்கிப்போய், தன் பெயரில் பங்கு வாங்கினான். ஒரு பங்கு இருநூறு ரூபாய். அடுத்த மாதமே சரிய ஆரம்பித்து, தொண்ணூறில் வந்து படுத்துக்கொண்டது.

அப்போதுதான் தெருமுனை மருந்துக்கடை காலியானது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே, நல்ல வெளிச்சமுள்ள அறை. கட்டடக்கார அம்மாவுக்கு இவளைப் பிடிக்கும். "ஒரு வாரம் உனக்காக நிறுத்தி வைக்கிறேன், அட்வான்ஸோட வா" என்றாள். பங்கைத் தொண்ணூறுக்கு விற்றாலும் அட்வான்ஸுக்குச் சரியாக இருக்கும்.

"வித்துடுங்க. மிச்சம் போனா போகட்டும், கடை கிடைச்சா நான் சம்பாரிச்சுக்குவேன்."

"தொண்ணூறுக்கா? பாதிக்கு மேல நஷ்டம்! வாங்கின விலை வரட்டும், அன்னிக்கே வித்துத் தரேன்."

"வாங்கின விலை தக்காளிக்குத் தெரியாது, இதுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

"தக்காளி அழுகும்டி. இது அழுகுமா? விக்காத வரைக்கும் நஷ்டமே இல்ல."

பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றவனிடம் என்ன பேச? அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்தாள். அவன் அசையவில்லை. விற்றால், ஏமாந்தது உண்மையென்று ஆகிவிடும். தான் முட்டாள் இல்லை என்று காட்டிக்கொள்ள அவன் கொடுத்த விலை அவளுடைய கடை.

வாரம் முடிந்ததும் அந்த அறை, பட்டன் வியாபாரம் செய்த ஒரு பெண்ணிடம் போனது. அவள் அங்கே நான்கு தையல் மிஷின் போட்டாள். பள்ளி முழுவதும் அங்கே வந்து நின்றது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சீருடைத் துணியும் நின்றுபோக, இவள் அந்த அறையிலேயே கூலிக்குத் தைக்கப் போனாள். "அந்த ரூம்ல காத்தே வராதாமே" என்று கணவன் ஆறுதல் சொன்னான். அவளுக்கு அவன் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது.

ஆறு வருடம் போனது. ஒருநாள் சாயங்காலம் அவன் இனிப்பு டப்பாவோடு வந்தான். பின்னாலேயே புலி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"இருநூறு! நேத்து வித்தேன், இன்னிக்குப் பணம் வந்துடுச்சு." பணக்கட்டை அவள் கையில் வைத்தான். "எண்ணிப் பாரு. ஒரு பைசா நஷ்டமில்ல!"

"நான் அப்பவே சொன்னேன்ல, பொறுமை வேணும்னு" என்றார் புலி, இனிப்பை மென்றபடி.

அவள் எண்ணவில்லை. முதுகு வலித்தது. அன்றைக்கு மட்டும் முப்பது கால்சட்டை தைத்திருந்தாள்.

"அந்த ரூமுக்கு இப்ப என்ன அட்வான்ஸ் தெரியுமா? இந்தப் பணம் மொத்தமும் கொடுத்தாலும் பத்தாது. ஆறு வருஷமா என் கடையில நான் கூலிக்கு உட்கார்ந்திருக்கேன். அது நஷ்டமில்லையா?"

அவன் முகத்தில் ஏதோ ஓடியது. புரிந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். பாவம், ஒரு நிமிடம் அவன்மேல் இரக்கம்கூட வந்தது. அதற்குள் புலி கைபேசியை எடுத்துப் பார்த்து, "தம்பி, மத்தியானத்துக்கு மேல இருநூத்தி இருபது தொட்டிருக்குடா!" என்றார்.

அவன் இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அய்யய்யோ, அவசரப்பட்டு வித்துட்டேனே!"