மாவு மாத்திரை

பன்னிரண்டு வருஷமாகத் தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு தான் விழுங்கி வந்தது வெறும் மாவு என்று தெரிந்ததும் லிஃப்ட்காரர் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரம்மாவுக்கே கொஞ்சம் சங்கடமாகப் போய்விட்டது.

"மாவா? அப்ப மாவைத் தின்னுட்டா நான் போன வருஷம் பதினாலு மாடி படியேறினேன்?"

"அது உங்க மனசோட பலம்" என்றார் டாக்டரம்மா.

"மனசு இல்லை டாக்டர், கொழுப்பு" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். ஆனால் அவள் கை மட்டும் நாற்காலியின் பிடியை விடவே இல்லை. ஏனென்றால், அதற்கு முந்தின நிமிஷம்தான் டாக்டரம்மா அவளுக்குக் கொடுத்தது எது என்று எழுதி ஒட்டியிருந்த உறையைப் பிரித்திருந்தார். அவள் சாப்பிட்டது மாவு இல்லை. அசல் மருந்து.

மூப்பைத் தள்ளிப்போடும் மாத்திரை அது. நானூறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சி ஆரம்பித்தபோது அவருக்கு ஐம்பத்து நாலு, அவளுக்கு ஐம்பத்தொன்று. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு, யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது என்று முதல் நாளே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆராய்ச்சி நடந்த ஆஸ்பத்திரியின் லிஃப்டைப் பழுது பார்க்கப் போன இடத்தில் அவர் நோட்டீஸைப் பார்த்தார், போகிற போக்கில் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

தனக்குத்தான் மருந்து கிடைத்திருக்கிறது என்று அவர் சத்தியம் செய்யாத குறை. "இந்த வயசுல எவன் என்னை மாதிரி இருக்கான், காட்டு" என்பார். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலையில் முப்பத்தைந்து வருஷமாக இருக்கிறவள். அவருக்கு முதல்முதலில் கண்ணாடி மாட்டிவிட்டதே அவள்தான். அன்றிலிருந்து அவளுக்குக் 'கண்ணாடி' என்றே பெயர் வைத்துவிட்டார். கண்ணாடியின் முகத்தில் சுருக்கம் விழாததையும், தலை நரைக்காததையும் அவர் கவனிக்காமல் இல்லை. "உங்க குடும்பமே அப்படித்தான், உங்க அத்தையும் அப்படித்தான் இருந்தாங்க" என்று தள்ளிவிடுவார்.

இந்த விஷயத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு சித்தாந்தமும் இருந்தது. வாடகை நூலகத்தில் இருந்த விஞ்ஞானக் கதைப் புத்தகம் ஒன்றையும் அவர் விட்டுவைத்ததில்லை. "எந்தக் கதையை வேணா எடுத்துக்கோ. சாகாவரம் வாங்கினவன் கடைசி அத்தியாயத்துல என்ன பண்றான்? 'போதும்டா சாமி, என்னைக் கொன்னுடுங்க'ன்னு கெஞ்சுறான். அத்தனை பேரும் முட்டாளா?"

"அதை எழுதினவங்க எல்லாரும் ஒரு நாள் செத்துப் போறவங்கதானே?" என்பாள் அவள். "எட்டாத பழத்தை இனிக்குதுன்னா சொல்லுவாங்க?"

உறையைப் பிரித்த அன்று டாக்டரம்மா அவளுடைய பரிசோதனைத் தாள்களை வரிசையாகப் பரப்பிக் காட்டினார். வயது அறுபத்து மூன்று; எலும்பும் ரத்தக் குழாயும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.

"இப்படியே போனா நூத்திப் பத்து, நூத்தி இருபதுன்னாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதுக்குள்ள இதைவிட நல்ல மருந்தும் வந்துடலாம்."

"அப்ப இவளுக்குச் சாவே கிடையாதா?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது. பஸ் மோதினா எல்லாரும் ஒண்ணுதான். நாங்க சாவை நிறுத்தலை. தேய்மானத்தை மெதுவாக்குறோம், அவ்வளவுதான்."

தேய்மானம் என்றால் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆயுள் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார். "சரி, எனக்கு?" என்று கேட்டார்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துப் பேசினார். இதயத்தில் ஒரு வால்வு தடித்திருக்கிறது. இப்போது அசல் மருந்தை ஆரம்பிக்கலாம், தடையில்லை. ஓரளவு கைகொடுக்கும். அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவர் இரண்டு ஜோக் அடித்தார். இரண்டுக்கும் அவள் சிரித்தாள். மூன்றாவது அவருக்கு வாயில் வரவில்லை. மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. தனக்கு இன்னும் பத்து வருஷம் என்று வைத்தாலும், அதற்குப் பிறகு இவளுக்கு நாற்பது வருஷம். அவர்கள் கல்யாணமாகி வாழ்ந்த காலத்தைவிட அது பெரிசு.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் அவள் தன் மாத்திரை டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"நான் இதை நிறுத்திடப் போறேங்க."

"ஏன்?"

"நீங்க ஒரு பக்கம் கிழமாகி, நான் ஒரு பக்கம் இப்படியே நின்னுட்டு... அது எதுக்கு? ரெண்டு பேரும் சேர்ந்தே கிழமாவோம்."

"அதெல்லாம் வேண்டாம் கண்ணாடி. சாப்பிடு" என்றார். ஒரு தடவை சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை. உள்ளுக்குள் அவருக்குக் குளுகுளுவென்று இருந்தது. இந்த வயதிலும் தனக்காக இப்படிச் செய்ய ஒருத்தி இருக்கிறாளே என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்று வேலைக்குப் போகும்போது விசில் அடித்துக்கொண்டு போனார். சாயங்காலம் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா என்ன சொன்னா தெரியுமா?" என்று பெருமையடித்துக்கொண்டார். மகள், "நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஆறு வாரம் போயிருக்கும். ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாவது மாடியில் அரையடி இறங்கி நிற்கிறது என்று கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஓய்வு வயது தாண்டியும் கம்பெனி அவரை விடாததற்குக் காரணம் இந்தக் கிழட்டு லிஃப்டுகள்தான். அவற்றின் நோய் நொடியெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. பையைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்தைக் கடக்கும்போது மருந்தாளுநர் கண்ணாடித் தடுப்பைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஐயா, நல்ல வேளை வந்தீங்க. அம்மா நேத்து மாத்திரை வாங்க வந்தப்ப இந்தப் பாரத்தை இங்கேயே விட்டுட்டாங்க. டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம். கொண்டுபோய்க் கொடுத்துடுங்க."

"எந்த மாத்திரை?"

"அவங்க வழக்கமா வாங்கறதுதான். மூணு மாசத்துக்கு."

அவர் முகத்தைப் பார்த்ததும் மருந்தாளுநர் உளறிவிட்டோம் என்று புரிந்துகொண்டு நாக்கைக் கடித்தார். அவர் பாரத்தைப் பிரித்துப் பார்த்தார். கல்லூரி விண்ணப்பம். பௌதிகம், பகல் நேரப் பகுதிநேர வகுப்பு, ஆறு வருஷம். வயது என்ற கட்டத்தில் அறுபத்து மூன்று என்று அவளுடைய உருண்டையான கையெழுத்து. படிக்க உடல் தகுதி உண்டு என்று டாக்டரம்மாவின் சான்று.

லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, இரண்டு மாடிக்கு நடுவில், அவர் அரைமணி நேரம் திருகாணியைக் கூடத் தொடவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாளே, ஒரு வார்த்தை சொன்னாளா? என்னை ஏமாற்றி எதைச் சாதித்தாள்? ஊரெல்லாம் பெருமை பேசி மூக்கறுபட்டதுதான் மிச்சம்.

கோபம் கொஞ்சம் அடங்கியதும் அதற்கடியில் வேறொன்று கிடந்தது. அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஒருத்தி தன் நாற்பது வருஷத்தைத் தூக்கிக் குப்பையில் போடுகிறேன் என்று வந்து நின்றபோது, வேண்டாம் என்று அவர் எத்தனை தடவை சொன்னார்? ஒரே ஒரு தடவை. அதுவும் ஒப்புக்கு. அவள் சீக்கிரம் சாகப்போகிறாள் என்பதற்காகத்தானே விசில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்? மகள் போனில் கேட்ட கேள்வி இப்போதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, கை கழுவி, நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். பின்னறையில் அவள் லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, சக்கரம் சன்னமாக இரைந்தது. அவர் பாரத்தை மேசையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள். ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு நாள் நிறுத்தினேன். சத்தியமா நாலு நாள் நிறுத்தினேங்க."

"அஞ்சாவது நாள்?"

"முடியலை." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ஆசையா இருக்கு. வாழணும்னு ஆசையா இருக்கு. அதை உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. புருஷன் போன பிறகும் நாற்பது வருஷம் இருக்கணும்னு ஒருத்தி ஆசைப்படலாமா? நாலு பேர் கேட்டா காறித் துப்ப மாட்டாங்களா?"

"நாலு பேர் கிடக்கட்டும். இது என்ன பௌதிகம்?"

அவள் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா இதைத் தேய்க்கிறேன். வெளிச்சம் ஏன் இதுக்குள்ள போனதும் வளையுதுன்னு யாராவது கேட்டா, 'அது அப்படித்தான்'னு சொல்லுவேன். பள்ளிக்கூடத்தோட தம்பி தங்கச்சிகளைப் பார்த்துக்கன்னு வீட்டுல நிறுத்திட்டாங்க. அப்புறம் கடை, கல்யாணம், குழந்தை. குறை சொல்லலை. நல்லாத்தான் இருந்தேன். ஆனா அந்த டாக்டர் உறையைப் பிரிச்சதும் எனக்கு முதல்ல தோணினது உங்களைப் பத்தி இல்லைங்க. 'அப்பாடா, படிக்கலாம்'னுதான் தோணுச்சு. பாவி நான்."

அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் மட்டும் என்ன யோக்கியனா? நீ நிறுத்தறேன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கூடவே நீயும் சாவேன்னு சந்தோஷம். இதைவிடக் கேவலம் உண்டா?"

"நீங்க ஒரு தடவை வேண்டாம்னு சொன்னீங்க."

"ஒரு தடவைதானே சொன்னேன்."

கடையின் முன்பக்கம் யாரோ ஒரு வாடிக்கையாளர் பிரேம் பிரேமாக மாட்டிப் பார்த்து அலுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நான் போனப்புறம் என்ன பண்ணுவே?" என்றார் அவர். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வந்துவிட்டது.

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "அழுவேன். ரொம்ப நாள் அழுவேன். அப்புறம் பரீட்சை இருந்தா எழுதப் போவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண்ணும் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். அவள் அதை வாங்கி, துடைத்து, காது பக்கம் தளர்ந்திருந்த திருகையும் முறுக்கி, மறுபடி மாட்டிவிட்டாள்.

பாரத்தைக் கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். அடுத்த வாரமே அவரும் அசல் மருந்தை ஆரம்பித்தார். சாகாமல் இருப்பதைப் பற்றிய அவருடைய கருத்து அதனால் மாறிவிடவில்லை. முடிவே இல்லாமல் இருப்பது மனுஷனுக்கு ஆகாது என்று இப்போதும் வாதாடுவார். "அப்ப எந்த வருஷம் போதும்னு சொல்லுவீங்க?" என்று அவள் மடக்கினால், "அந்த வருஷம் வரட்டும், பார்த்துச் சொல்றேன்" என்பார். மாத்திரை எல்லோருக்கும் எட்டுமா, வலுத்தவன் மட்டும் இருந்துகொண்டே இருப்பானா என்ற கவலையும் அவருக்கு உண்டு. டாக்டரம்மா கூட்டிய கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்டும்விட்டார். அது தன் கையில் இல்லை என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

மருந்து ஓரளவு கைகொடுத்தது, டாக்டரம்மா சொன்ன அதே அளவுக்கு. மூன்றாவது வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது அவர் வேலையை விட்டார். சாயங்காலமெல்லாம் மேசைக்கு ஒரு பக்கம் அவள் படிப்பாள், மறுபக்கம் அவர் கதைப் புத்தகம் வாசிப்பார். வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையிடம் கேட்பது போல அவளுடைய பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். பதில் சரியா தப்பா என்று அவருக்கும் பாதி விளங்காது.

அந்த வருஷம் கணக்குத் தாளில் அவள் தோற்றுவிட்டாள். முடிவைப் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தவளை அவர் தேற்றினார்.

"இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு. அடுத்த வருஷம் எழுது, அதுக்கடுத்த வருஷம் எழுது. உனக்கென்ன, நேரமா இல்லை?"

"எனக்கு இருக்குங்க" என்றாள் அவள். "நான் பட்டம் வாங்கறதை நீங்க பார்க்கணுமே."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தை விரித்தாள். துணைத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரமும் சமையல் அவர் பொறுப்பு. உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் இருக்காது. அவள் எதையும் கவனிக்காமல், இடது கையில் புத்தகத்தைப் பிடித்தபடியே சாப்பிட்டு எழுந்து போவாள்.